38 நிமிடங்கள்

நெருக்கடியில் மக்களிடம் பேசப் பொது அறிவு போதும், தகவல் அதிகாரிக்குத் தனிப் பயிற்சி வீண்செலவு என்கிறார்கள். ஹவாயில் 2018 ஜனவரி 13 அன்று நடந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

காலை 8.07க்குக் கைபேசிகள் அலறின: ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல. பெற்றோர் பிள்ளைகளைச் சாக்கடைக் குழிக்குள் இறக்கினார்கள். பொய் எச்சரிக்கை என்று ஆளுநர் டேவிட் இகேவுக்கு 8.09க்கே தெரியும், ட்விட்டர் கடவுச்சொல்தான் தெரியவில்லை. அவர் பதிவிட 8.24 ஆனது. கைபேசிகளுக்குத் திருத்தம் வந்தது 8.45க்கு!

பொது அறிவுக்கா அங்கே பஞ்சம்? திருத்தச் செய்தி தயாராக இல்லை. அனுப்பலாமா என்று மத்திய அரசின் அவசரகால மேலாண்மை நிறுவனத்திடம் மாநில அதிகாரிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அனுப்பியதைத் திரும்பப் பெறுவது எப்படி என்பதைத்தான் பயிற்சி வகுப்பில் பழக்க வேண்டும், அதுவும் கடிகாரத்தை முன்னால் வைத்து.