தவம் என்று எழுதாதீர்கள்

டோக்கியோ போய் சுமோ வீரர்களின் காலைப் பயிற்சியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எழுதும் குறிப்புகளில் ஒரு சொல் தவறாமல் வந்துவிடுகிறது: தவம். கூடவே ஒழுக்கம், அமைதி, மரபு. நானும் ரியோகொக்கு பகுதியில் ஒரு பயிற்சிக்கூடத்தில் இரண்டரை மணி நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே நடப்பதற்கு வேலை என்று பெயர். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை.

பார்வையாளருக்குச் சில விதிகள் உண்டு. பேசக் கூடாது, காலை வளையத்தை நோக்கி நீட்டக் கூடாது. எதிரே களிமண் வளையம். வெறும் வயிற்றோடு இறங்கிய பையன்கள் ஒரு காலைப் பக்கவாட்டில் உயரத் தூக்கி நிறுத்தி, ஓங்கி மிதிக்கிறார்கள். இதுதான் ஷிகோ. அழகுதான், மறுக்கவில்லை. கடைசியில் புட்சுகாரி. ஒருவர் நெஞ்சைக் கொடுத்து நிற்க, இன்னொருவன் அவரை வளையத்தின் மறுகோடி வரை தள்ள வேண்டும். தள்ளுகிறான், விழுகிறான், எழுகிறான், மறுபடி தள்ளுகிறான்.

கச்சையின் நிறத்தைக் கவனிங்க. பயிற்சியில் வெள்ளை கட்டுபவர்கள் மேல் இரண்டு பிரிவுக்காரர்கள். மொத்தம் 70 இடங்கள். மாதச் சம்பளம் அவர்களுக்கு மட்டும்தான். சுமார் 600 பேரில் மற்ற எல்லோரும் கறுப்பு. அவர்களுக்குச் சாப்பாடு, படுக்க இடம், போட்டிக் காலத்தில் சிறு படி. சமைப்பது, கூட்டுவது, மூத்தவர்களுக்குப் பரிமாறுவது எல்லாம் அவர்கள் வேலை. சாப்பிடுவது கடைசியில்.

'விரும்பித்தானே சேர்ந்தாங்க?' என்று கேட்பீர்கள். பதினைந்து வயதில், நடுநிலைப்பள்ளி முடித்த கையோடு சேர்கிற பையனின் விருப்பம் அது. சுமோ உலகத்தில் 'கவாய்கரி' என்று ஒரு சொல் உண்டு. நேர்ப்பொருள் செல்லம் கொடுப்பது. அங்கே அதற்கு அர்த்தம், இளையவனைப் போட்டுப் புரட்டி எடுப்பது. 'அடியாத மாடு படியாது' என்று சொல்லி வளர்த்த நமக்கு இது புரியாத மொழி இல்லை. 2007-ல் டொகிட்சுகாசே கூடத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடிபட்டுச் செத்தான். கடுமையான பயிற்சி என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு ஆசானுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2017-ல் இளைய வீரரை அடித்த விவகாரத்தில் யோகொசுனா ஹருமாஃபுஜியே ஓய்வு பெற வேண்டி வந்தது. 2024-ல் இன்னொரு வன்முறைப் புகாருக்குப் பிறகு மியாகினோ கூடம் மூடப்பட்டு, அதன் வீரர்கள் வேறு கூடத்துக்கு மாற்றப்பட்டார்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை தப்பித்தவறி நடக்கிற விபத்தா இது?

எல்லாக் கூடத்திலும் அடிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்த காலையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. சுமோவைத் தடைசெய்யவும் சொல்லவில்லை. என் சண்டை பார்த்துவிட்டு வருகிற நம்மோடுதான். தவம் என்று எழுதிவிட்டால் சம்பளம், வயது, காயம் எதைப் பற்றியும் கேட்க வேண்டியதில்லை. தவம் செய்கிறவனிடம் சம்பளம் எவ்வளவு என்று யாராவது கேட்பார்களா? வலியும் அவனுடைய பெருமையில் சேர்ந்துவிடுகிறது.

அறைக்குள் வாயை மூடிக்கொள்ளுங்கள். அது வேலை செய்கிறவனுக்குத் தர வேண்டிய மரியாதை. வெளியே வந்து எழுதும்போது வெள்ளைக் கச்சைக்காரரின் படத்தோடு, கறுப்புக் கச்சை கட்டியவனுக்கு என்ன வயது, அவன் எப்போது சாப்பிட்டான் என்பதையும் எழுதுங்கள்.