எஞ்சினை மாற்றினால் மட்டும் போதுமா?

பழைய காரிலே வேறு எஞ்சினைப் பூட்டியவன் பாதி வேலையையே செய்தவன். மற்றப் பாதியைச் செய்யாது விட்டுவிட்டு, வண்டி நடுவழியில் நின்றதும் காரையும் கராஜையும் காலத்தையும் பழிப்பது நம்மவரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். நின்றுபோனது கார் அன்று. உடையவனின் கடமை உணர்ச்சியே நின்றுபோனது.

இஃது ஏதோ பொழுதுபோக்குக்காரரின் சில்லறைப் பிரச்சினை என்று எண்ணிவிட வேண்டாம். 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த கதவுக்குள்ளே நுழையும் பணவசதி எத்தனை பேருக்கு உண்டு? வரியோடு சேர்த்துக் கூறப்படும் விலையைக் கேட்டதும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் சிறு வியாபாரியும் வந்த வழியே திரும்பிவிடுகின்றனர். அவர்கள் வீட்டுக் கொட்டிலிலே நிற்பது தந்தை விட்டுச் சென்ற மொறிஸ் மைனர். அதனுள்ளே இருப்பது டற்சன் எஞ்சின். காலையிலே பிள்ளைகளைப் பள்ளிக்கும், நள்ளிரவிலே நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுசெல்வது அந்த வண்டிதான். அது நம்பத்தகுந்ததாக இருக்கவேண்டும் என்பது ஆடம்பரமன்று, உயிர்ப் பிரச்சினை.

மூன்று கட்சியினர்

இவ்விடயத்திலே மூன்று கட்சியினர் நம்மோடு வாதிடுகின்றனர். மூவருக்கும் விடையிறுப்பது நமது கடன்.

முதற் கட்சியினர், பழைய காரை இரும்புக்கு விற்றுவிடு என்பவர்கள். இவர்கள் 1990களை மறந்தவர்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் வடக்கிலே பெற்றோல் அற்றுப்போன நாளிலே, சில துளி பெற்றோலை ஊற்றிக் கிளப்பி, பின்பு மண்ணெண்ணெயிலே ஓடி மக்களைச் சுமந்தவை எவை? பழைய ஒஸ்ரினும் மொறிசுமே. மண்ணெண்ணெய் எஞ்சினுக்குக் கேடு என்பதை நாம் மறுக்கவில்லை. எளிய அமைப்புடைய வண்டியே இடர்க்காலத்தில் மனிதனுக்குக் கைகொடுக்கும் என்பதே நம் வாதம். அதே 1990களிலே, தென்னிலங்கையிற் செய்த மொறிஸ் மைனர் உடற்தகடுகள் அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. பிறந்த நாட்டார் தகடு வாங்கிப் பேணும் வண்டியை நாம் இரும்புக்குக் கொடுப்பதா?

இரண்டாங் கட்சியினர் தூய்மைவாதிகள். பிறந்த எஞ்சினைத் தவிர வேறெதனைப் பூட்டினும் அது கலப்படம் என்பர். வரலாறு இவர்களுக்குச் சார்பாக இல்லை. மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தபோது அதிலிருந்தது 918 கன சென்ரிமீற்றர் பக்கவால்வு எஞ்சின். 1952 இல் மொறிசும் ஒஸ்ரினும் ஒரே கூட்டுத்தாபனமாக இணைந்தன. உடனே ஒஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் மொறிசின் உடலுள்ளே குடியேறியது. 1956 இல் அது 948 ஆயிற்று. 1962 இல் 1098 ஆயிற்று. பதினான்கு ஆண்டுகளிலே நான்கு எஞ்சின்! செய்தவனே மாற்றியதை, வாங்கியவன் மாற்றலாகாதோ? இன்னொன்றையும் கேளுங்கள். நிசான் கம்பனி 1952 இல் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்து, 1953 முதல் யப்பானிலே ஒஸ்ரின் கார்களைக் கட்டித் தொழில் பழகியது. எனவே மைனருள் அமர்ந்திருக்கும் டற்சன் எஞ்சினை முற்றிலும் அந்நியன் என்று கூறுவதற்கில்லை.

மூன்றாங் கட்சியினரே ஆபத்தானவர்கள். “போட்டால் ஓடும்” என்பதே இவர்களின் வேதம். எஞ்சின் பொருந்திவிட்டது, சாவியைத் திருப்பியதும் முழங்குகிறது, ஆகவே வேலை முடிந்தது என்பர். மந்திரி மாறியதும் இலாகா முழுவதும் திருந்திவிட்டது என்று நம்புகிறவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடில்லை. எஞ்சின் கெட்டு வழியில் நிற்கும் மாற்றுவண்டிகள் சிலவே. எஞ்சினைச் சுற்றியுள்ளவை கெட்டு நிற்பவையே பல. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீரும் சூடும்

1098 மைனரின் எஞ்சின் 48 குதிரைவலு கொண்டது. 1970 இல் வந்த டற்சன் 1200 காரின் 1171 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கு அக்காலக் கணக்கில் ஏறக்குறைய 68 குதிரைவலு. வலு கூடினால் வெப்பமும் கூடும். ஆனால் றேடியேற்றரோ பழையது. அதன் குழாய்களிலே பல ஆண்டுச் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையினூடே வருவது. கேற்றிலின் அடியிலே வெள்ளையாகப் படியும் அதே பொருள் றேடியேற்றரிலும் படியாமல் வேறெங்கே போகும்? போதாததற்கு இந்த எஞ்சினின் அடிக்கட்டை வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். அரிப்பைத் தடுக்கும் குளிர்திரவமின்றி வெறும் கிணற்று நீரை ஊற்றினால் அலுமினியம் அரிபடும். சூடு மிஞ்சினால் தலைப்பகுதி வளையும், கஸ்கற் வெடிக்கும். வடிநீரும் குளிர்திரவமும் வாங்கும் செலவை மிச்சம் பிடித்தவன், பின்பு எஞ்சின் தலைக்கே விலை கொடுக்கிறான்.

இதனினும் பெரிய கொடுமை ஒன்று உண்டு. வண்டி சூடாகிறது என்றதும் தேமோஸ்ரற் என்னும் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். நோயாளிக்குக் காய்ச்சல் என்றதும் வெப்பமானியை உடைத்த வைத்தியனைக் கண்டதுண்டா? ஏறக்குறைய 82 பாகையிலே திறக்கவேண்டிய அவ்வால்வு இல்லையேல் எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதிக்கும். எண்ணெய் குளிர்ந்தே கிடக்கும், தேய்மானம் கூடும், பெற்றோல் வீணாகும். அடைபட்ட றேடியேற்றரோ அடைபட்டபடியே இருக்கும். நோய் மறைந்திருக்குமேயன்றி மாறியிராது. மைனருக்கு வெப்பமானி கொடுக்கப்படவில்லை என்பதையும் நினைவிற் கொள்க. எஞ்சினை மாற்றுகிறவன் முதலிற் பூட்டவேண்டிய கருவி அது. அதன் உணர்கருவி அந்த மானிக்கு உரியதாகவே இருக்கவும் வேண்டும். வேறொன்றைப் பொருத்தினால் மானி பொய்ச்சாட்சி சொல்லும்.

மின்சாரக் குழப்பம்

மைனரிலே பற்றரியின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. யப்பானிய எஞ்சினிலே மறைமுனையே உடலோடு சேரும். பழைய டைனமோ ஏறக்குறைய 22 அம்பியர் தந்தது. புதிய அல்ரனேற்றர் அதனினும் மிகுதியாகத் தரும். பற்றரியை மட்டும் திருப்பிப் பூட்டிவிட்டு, ஐம்பது ஆண்டு கடந்த மெல்லிய வயர்களை அப்படியே விட்டால் விளைவு என்ன? வயர் சுடும், உறை உருகும், ஒருநாள் புகையும். தொழிற்சாலை அவ்வண்டிக்குக் கொடுத்த பியூஸ்கள் இரண்டே. எனவே அல்ரனேற்றரிலிருந்து பற்றரிக்குத் தடித்த புதிய வயர், விளக்குக்கும் விசிறிக்கும் தனித்தனிப் பியூசும் றிலேயும் என்பன கட்டாயம்.

மற்றொரு சிறு பொருளையும் கூறுவோம். எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. இறப்பர் மின்னைக் கடத்தாது. எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையே தடித்த இணைப்புப் பட்டி இல்லையேல், ஸ்ராட்டர் இழுக்கும் பெருமின்னோட்டம் சோக் கம்பி வழியாகவும் அக்சிலேற்றர் கம்பி வழியாகவும் வழி தேடும். சாவியைத் திருப்பியதும் கம்பி சுடுவதும், ஸ்ராட்டர் முனகுவதும் இதனாலே. இதனை அறியாது புதிய பற்றரியும் புதிய ஸ்ராட்டரும் மாறிமாறி வாங்கி ஏமாந்தவர் பலர். பட்டி ஒன்றின் விலையோ மிகச் சிறிது.

நிறுத்த முடியாத ஓட்டம்

இங்கேதான் நமது குற்றச்சாட்டு மிகக் கடுமையானது. ஓட்டத்தைக் கூட்டியவன் நிறுத்தும் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும். மைனரின் நான்கு சில்லுகளிலும் இருப்பவை பழைய டிறம் பிறேக்குகள். 1962 வரை முன்டிறம்கள் 7 அங்குலம். பின்பு 8 அங்குலம். நான்கு சில்லுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்திலே கசிந்தால் நான்கும் இல்லை. மாஸ்ரர் சிலிண்டரோ சாரதியின் காலடித் தளத்தின் கீழே ஒளிந்திருக்கிறது. கண்ணிற் படாததால் கருத்திலும் படுவதில்லை. 37 குதிரைவலுவுக்குச் செய்த பிறேக்கை வைத்துக்கொண்டு 68 குதிரைவலுவை ஏ-9 வீதியிலே அவிழ்த்துவிடுவது துணிச்சலன்று. குற்றச் செயலுக்கு அயலானது. முன்சில்லுகளுக்குப் பெரிய டிறமோ டிஸ்க்கோ, இரு சுற்றுடைய மாஸ்ரர் சிலிண்டர், இரண்டாண்டுக்கு ஒருமுறை புதிய பிறேக் எண்ணெய் என்பனவே எஞ்சின் மாற்றத்தின் உண்மையான விலை.

முன்சில்லைத் தாங்கும் திருகு மூட்டுகளையும் மறத்தலாகாது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஊட்டாவிட்டால் திருகுமரை தேய்ந்து, ஒருநாள் மூட்டு கழன்று சில்லு சரிந்து விழும். எஞ்சினின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டினை வெட்டி ஒட்டியபின் சமநிலை பார்க்கவேண்டும். அதனைத் தவிர்த்தவன் வேகத்திலே நடுக்கத்தையும், நாளடைவிலே கியர்ப்பெட்டிப் போல்பெயரிங்கின் அழிவையும் வாங்கிக்கொள்கிறான். மைனரின் பின்னச்சுத் தண்டுகள் மெலிந்தவை. புதிய எஞ்சினின் இழுவையை அவற்றின்மேல் மூர்க்கமாகக் காட்டுவோர் அவற்றை முறித்தே தீர்வர்.

பழி கராஜ்காரன்மேல் மட்டும் விழுவதை நாம் ஒப்பமாட்டோம். நமது தொழிலாளரின் கைத்திறன் சிறிதன்று. பிறேக்குக்கும் வயருக்கும் இவ்வளவு செலவாகும் என்று அவன் கூறும்போது, “பிறகு பார்ப்போம்” என்று தட்டிக்கழிப்பவன் யார்? அதே நாளிலே பளபளக்கும் பெயின்றுக்கும் பாட்டுப்பெட்டிக்கும் பணத்தை எண்ணிக் கொடுப்பவன் யார்? உடையவனே!

ஏடும் சட்டமும்

தொழிற்சாலையிலிருந்து வந்த காருக்குக் கைந்நூல் உண்டு. இருகுலத்தில் வந்த காருக்குக் கைந்நூல் இல்லை, உடையவனே எழுதவேண்டும். தண்ணீர்ப் பம்பு எந்த மாதிரிக் காரினுடையது, கிளச் தட்டு எதனது, பான் பெல்ற்றின் அளவு என்ன, மேற்குழாய் எந்த வண்டியிலிருந்து வெட்டப்பட்டது என்பவற்றை ஒரு கொப்பியிலே பதிந்து காரிலேயே வைத்தல் வேண்டும். பூட்டிய மெக்கானிக் இன்று ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். அவன் தலையிலிருந்த அறிவு கொப்பியிலே இல்லையேல் ஐந்நூறு ரூபாய்ச் சாமானுக்காக வண்டி ஐந்து நாள் கிடக்கும். மேலதிகப் பெல்ற், குழாய், பியூஸ், பிளற்றினம் பொயின்ற், கொண்டென்சர், ஒரு போத்தல் நீர் ஆகியவை எந்நாளும் வண்டியில் இருக்கட்டும். கிழமைக்கு ஒரு காலை, பதினைந்து நிமிடம், எண்ணெயும் நீரும் பிறேக் எண்ணெயும் பார்க்கப்படட்டும்.

சட்டத்தையும் கூறாது விடுவது நமக்கு அழகன்று. பதிவுச் சான்றிதழிலே எஞ்சின் இலக்கம் எழுதப்பட்டிருக்கிறது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ்ப் பதியப்பட்ட விபரம் மாறினால் அதனை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்துவது உடையவனின் கடமை. எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைப் பேணாதவன், அது களவெடுத்ததன்று என்பதை எவ்வாறு நிறுவுவான்? காப்புறுதியோ முழு நம்பிக்கையின்மேல் நிற்கும் ஒப்பந்தம். முக்கியமான உண்மையொன்றை மறைத்தவன் விபத்து நாளிலே நட்டஈடு கேட்டுச் சென்றால், மறைத்த உண்மையே அவனுக்கு எதிர்ச்சாட்சியாக எழுந்து நிற்கும். திணைக்களத்துக்கும் ஒன்று கூறுவோம்: இம்மாற்றத்தைப் பதியும் முறையும் படிவமும் தெளிந்த தமிழிலே மக்கள் கையில் இருத்தல் சலுகையன்று, உரிமை. நேர்மையாகப் பதிய வருபவனை அலைக்கழிப்பது நேர்மையின்மைக்கு ஊதியம் கொடுப்பதாகும்.

ஆகவே நாம் கூறுவது இதுவே. எஞ்சினை மாற்றுங்கள், தடுப்பார் இல்லை. எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்துக்கு ஈடான பணத்தை நீருக்கும் மின்னுக்கும் பிறேக்குக்கும் பதிவுக்கும் முன்கூட்டியே ஒதுக்குங்கள். அது கையில் இல்லையேல், சேரும் வரை பழைய எஞ்சினோடு மெல்லவே ஓடுங்கள். பின் இருக்கையிலே பிள்ளைகளை ஏற்றுகின்ற எவனும் “போட்டால் ஓடும்” என்று சொல்லும் உரிமை உடையவனல்லன். ஓடினால் போதாது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் வேண்டும், நாளையும் ஓடவும் வேண்டும்.