யார் பேரில் இந்த வீடு?

இரத்தினபுரியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல மழை பிடித்தால், தோட்டத்துச் சனம் பாயும் உரப்பையும் பிள்ளைகளின் கொப்பிகளுமாகப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிடும். மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கும். மழை விட்டதும் மறுபடி அதே லயம்தான். போக வேறு இடமில்லை. பக்கத்துக் கேகாலையில், 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்து லயத்தை மண் மூடிய பிறகும் இந்த ஏற்ற இறக்கம் நின்றபாடில்லை.

இந்திய மானியத்தில் மலையகத்துக்கு முதலில் கிடைத்த 4,000 வீடுகளும் மத்திய, ஊவா மாகாணங்களுக்கே போயின. நம் சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறுசிறு துண்டாகக் கிடப்பவை. வாக்கும் சிதறும், குரலும் சிதறும். 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்த 10,000 வீடுகளில்தான் சப்ரகமுவவும் சேர்ந்தது. வீடொன்றுக்கு 28 இலட்சம் ரூபாய். அதில் முதல் 1,300 வீடுகளைத் தொடங்கி வைத்ததோ 2024 பெப்ரவரியில். ஏழு வருஷம்! அதற்குள் கூரையில் எத்தனை தகரம் மாற்றியிருப்போம்.

சரி, வீடு வரட்டும். யாருக்கு?

வீட்டை எதைப் பார்த்துக் கொடுப்பது என்பதற்கு வேறோர் ஊரின் வழக்கத்தைப் பாருங்கள்: மும்பையில் பார்சி சமயத்தவருக்கென்று ‘பாக்’ என்ற குடியிருப்புகள் உண்டு. அவர்களுடைய பஞ்சாயத்தின் கையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பலவற்றுக்கு வாடகை சொற்பம். பார்சியா என்று பார்ப்பார்கள், எந்தக் கம்பெனியில் வேலை என்று கேட்கமாட்டார்கள். இங்கே நம் லயத்துக் காம்பராவுக்குத் தகுதி தோட்ட வேலைக்குப் பேர் போடுவதுதான்.

கஹவத்தைப் பக்கம் ஒரு லயத்தில் அம்மா ஒருவரைப் பார்த்தோம். மகன் ஓட்டோ ஓட்டுகிறான், மருமகள் கொழும்பில் கார்மென்ட்டில். அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போகிறார். ஏன் இன்னும் என்று கேட்டோம். “நான் நின்னுட்டா காம்பராவக் கேட்டுருவாங்களே” என்றார், இஸ்தோப்பில் உட்கார்ந்து காலைத் தடவியபடி.

புது வீட்டுப் பட்டியலில் அந்த ஓட்டோக்கார மகனுக்கு இடமுண்டா? வீட்டுக் காணியின் உறுதி அந்தக் குடும்பத்தின் பேரில் எழுதிக் கைக்கு வருமா? அடிக்கல் நாட்ட வருகிறவர்களிடம், மாலை போடுமுன் இதைக் கேளுங்கள்.