முடிகிற கேம், முடியாத கேம்

கடந்த மூணு மாசத்துல நான் ஆடி முடிச்ச வீடியோ கேம் ரெண்டு. முடிச்சுட்டு மறுபடி மறுபடி ஆரம்பிக்கிறது ஒண்ணு. முடிவே இல்லாதது ஒண்ணு. இந்த மாசப் பத்தியில இந்த நாலையும் பத்தித்தான் சொல்லப் போறேன். கிராஃபிக்ஸ் எப்படி, எத்தனை லெவல் என்பதெல்லாம் யூடியூப்ல கிடைக்கும். பிள்ளை வளர்க்கிற நமக்கு வேற ஒரு கேள்வி முக்கியம்னு நினைக்கிறேன்: இந்த கேம், ஆடுறவரை எழுந்து போக விடுதா?

முதல்ல "வெண்பா". நம்மில் பலர் பேராவது கேள்விப்பட்டிருப்பீங்க. டொரோண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. அடுத்த வருஷம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது. 1988-ல் கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின், இவங்களோட கதை. துப்பாக்கி இல்லை, ஸ்கோர் இல்லை. சமைக்கணும், அவ்வளவுதான். அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிஞ்சும் கறைபட்டும் இருக்கும். விட்டுப்போன வரிகளை நாமே யோசிச்சுக் கண்டுபிடிக்கணும். முதல் புதிரே இட்லிதான். தட்டுகளைக் குழிக்கு மேல் குழியாக அடுக்கினால் ஆவி ஒழுங்காகப் போகாது. மாற்றி மாற்றி அடுக்கணும். எங்க வீட்டில் நான் பல வருஷமாக யோசிக்காமல் செய்கிற வேலை. ஒரு கேம் அதைக் கேள்வியாகக் கேட்டதும் கை ஒரு நொடி நின்னுபோச்சு.

மொத்தமே சுமார் ஒன்றரை மணி நேரம். ஒரு தமிழ்ப் படத்தைவிடக் குறைவு. விலைக்கு இது போதுமா என்று கேட்கிறவர்கள் இருக்காங்க. எனக்குப் போதும். சொல்ல வந்ததைச் சொல்லிட்டு நிறுத்திக்குது.

இதை நான் பார்த்த கோணம் வேற, நீங்க பார்க்கப் போற கோணம் வேற. நான் சென்னையில் படிச்சுட்டு மாஸ்டர்ஸ் பண்ண நெதர்லாந்து வந்து இங்கேயே தங்கிட்டவன். அதனால வெண்பா பக்கம்தான் நின்னேன். மகன் தமிழில் பதில் சொல்லாதபோது அவளுக்கு வலிக்கிற இடம் எனக்குப் பழக்கம். வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த நீங்க கவினோட தலைமுறை. கேமின் ஒரு பகுதியில் நாம் கவினாக மாறி, அதே குறிப்புப் புத்தகத்தை வாசிக்கத் திணறுவோம். அந்த இடம் என்னைவிட உங்களுக்கு அதிகமாகப் புரியும். கவினை வில்லனாக்காமல், அவனைக் கெஞ்சவும் வைக்காமல் எழுதியிருக்காங்க. இப்போ நீங்களே அப்பா அம்மா. ரெண்டு பக்கமும் நின்னு ஆடக்கூடிய ஆள் நீங்கதான். பத்து வயசுக்கு மேல் பிள்ளை இருந்தா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துல உட்கார வெச்சு ஆடுங்க. நடுவுல அழுகை வந்தா நான் பொறுப்பில்லை.

அடுத்தது "இட் டேக்ஸ் டூ". 2021-ல் வந்தது, அந்த வருஷத்தின் சிறந்த கேம் என்று தி கேம் அவார்ட்ஸ் விருது பெற்றது. ஸ்வீடனின் ஹேஸ்லைட் நிறுவனம் செய்தது. அதன் இயக்குநர் ஜோசப் ஃபாரெஸ் முன்பு சினிமா எடுத்தவர். இதைத் தனியாக ஆடவே முடியாது, ரெண்டு பேர் வேணும். விவாகரத்து முடிவு செய்த கோடி, மே என்ற தம்பதி, மகளின் கண்ணீர் பட்டுப் பொம்மைகளாக மாறிடுறாங்க. வீட்டைச் சுற்றி ஒருத்தருக்கொருத்தர் உதவாமல் ஒரு அடி நகர முடியாது. ஒரு இடத்தில் கோடி கையில் ஆணிகள், மே கையில் சுத்தியல் தலை. அவர் சுவரில் ஆணி அடித்தால்தான் இவள் அதில் தொங்கித் தாவ முடியும்.

நானும் மனைவியும் வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் பிள்ளைங்க தூங்கின பிறகு ஆடினோம். அவங்க அதுக்கு முன்னாடி கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை. முதல் ஒரு மணி நேரம் "குதி, குதின்னா குதி" என்று நான் கத்த, "எந்தப் பட்டன்னு சொல்லிட்டுக் கத்துங்க" என்று அவங்க திருப்பிக் கத்த, விவாகரத்துத் தம்பதி கதை எங்களுக்கே பொருந்திடுமோன்னு தோணிச்சு. மூணாவது வாரத்தில் அவங்க எனக்கு வழி சொல்ல ஆரம்பிச்சாங்க. கேம் ஆடாத வாழ்க்கைத்துணையை உள்ளே கொண்டுவர இதைவிட நல்ல வழி நான் பார்க்கலை. ஒருத்தர் வாங்கினால் போதும். இன்னொருத்தர் வேற ஊரில் இருந்தாலும் இலவசமாகச் சேர்ந்து ஆடலாம்.

ஆனா ஒரு எச்சரிக்கை. மகளை அழவைத்தால் பழைய உருவம் திரும்பும் என்று நம்பி, அவளுக்குப் பிடிச்ச யானைப் பொம்மையை ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்துப் போய்ச் சிதைக்கிற காட்சி ஒண்ணு வரும். யானை கெஞ்சும். பட்டனை அழுத்துறது நாமதான். அதை நகைச்சுவையாக எடுத்திருக்காங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ஐரோப்பாவின் வயது முத்திரையான பெகி இதுக்கு 12 போட்டிருக்கு. சின்னப் பிள்ளைகளோடு ஆடுறதா இருந்தா இந்தக் காட்சியை முதல்ல நீங்க தனியாகப் பார்த்துக்கோங்க. பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இன்னும் கவனம் வேணும்.

மூணாவது "பலாட்ரோ". 2024 பிப்ரவரியில் வந்தது. லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் ஒரே ஒரு ஆள் செய்தது. போக்கர் சீட்டுக்கட்டை வெச்சு ஆடுற புதிர்க் கணக்கு இது. ஜோடி, மூணு ஒரே எண், ஒரே சின்னம்னு சேர்த்தால் புள்ளி. அதை ஜோக்கர் சீட்டுகள் பெருக்கிக்கிட்டே போகும். நிஜப் பணம் எங்கேயும் கிடையாது. ஒரு சுற்று ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஆனா "இன்னொரு சுற்று" என்று மனசு சொல்லும். ராத்திரி பதினொண்ணுக்கு ஆரம்பிச்சால் மணி ஒண்ணாயிடும். அருமையான கேம்தான், ஆனா என் போன்ல அதுக்கு இடமில்லை, டிவியோடு சரி.

இந்த பலாட்ரோவுக்கு பெகி போட்டிருந்த முத்திரை 18. காரணம், போக்கர் கைகளைக் கற்றுக்கொடுக்குதாம். மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025-ல் 12 ஆகக் குறைச்சாங்க. அதே காலத்தில் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 25 கால்பந்து கேமின் அட்டையில் இருந்த எண் 3. அதில் காசு கொடுத்துப் பொட்டலம் வாங்கலாம். உள்ளே எந்த வீரர் இருப்பார் என்று பிரிச்சாத்தான் தெரியும். மெஸ்ஸி மாதிரி பெரிய பேரும் வரலாம், யாருக்கும் தெரியாத பேரும் வரலாம். நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில் காசு கொடுத்து அட்டையில் சீட்டுக் கிழிச்சோமே, அதேதான். பெல்ஜியம் 2018-லேயே இந்த மாதிரிப் பொட்டலங்களைச் சூதாட்டம்னு சொல்லித் தடுத்துடுச்சு. பக்கத்து நாட்டிலோ மூணு வயசுப் பிள்ளைக்கும் ஆகும் என்ற முத்திரையோடு கடையில் இருந்தது.

அந்த எண் பொய் சொல்லலை. ரத்தம், கெட்ட வார்த்தை, பயம், இதையெல்லாம் பார்த்து அது போடப்பட்டது. பிள்ளைகிட்ட எப்படிக் காசு கேட்கும், எப்படி எழுந்து போக விடாமல் பிடிக்கும் என்பதை அந்த எண் சொல்லலை. அதுக்கு எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கணும். கேமுக்குள் வாங்கும் வசதி உண்டு, அதில் என்ன வரும்னு தெரியாத பொருட்களும் அடக்கம் என்று 2020-லிருந்து தனியாகக் குறிப்பிடுறாங்க. எண்ணைவிட அந்த வரிதான் எனக்கு முக்கியம்.

என் வேலை கேம் துறையில் இல்லை. ஆனா ஆப் எழுதுற ஆபீஸ்களில் சுவரில் ஓடுற எண்கள் எனக்குத் தெரியும். இன்னிக்கு எத்தனை பேர் திறந்தாங்க? நேத்து சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் இன்னிக்குத் திரும்பி வந்தாங்க? ஏழாம் நாள் எத்தனை, முப்பதாம் நாள் எத்தனை? இலவச கேம் செய்றவங்களுக்கும் இதே எண்கள்தான் சோறு. தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் வரிசை அறுந்துபோகும். சீசன் முடியறதுக்குள்ளே முடிக்காவிட்டால் அந்த உடை திரும்ப வராது. கடையில் கடிகாரம் பின்னோக்கி ஓடும். பிள்ளைக்குக் கட்டுப்பாடு இல்லைன்னு நாம் திட்டும்போது, அந்தப் பக்கம் ஒரு குழுவே உட்கார்ந்து அவன் எழுந்து போகாமல் இருக்க வேலை செய்துகொண்டிருக்கு. ஒன்பது வயசுப் பிள்ளையை அவங்களோடு தனியாக மோத விடுறது நியாயமில்லை.

இது என் கற்பனை இல்லை. ஃபோர்ட்நைட்டின் எபிக் கேம்ஸ் 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்கு உடன்பாட்டுக்கு வந்தது. அதில் 27.5 கோடி பிள்ளைகளின் தனியுரிமை தொடர்பான அபராதம். 24.5 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். ஒரே பட்டன் அழுத்தத்தில் வேண்டாத பொருளுக்குக் காசு போகிற மாதிரி திரையை அமைச்சிருந்தாங்க என்பது குற்றச்சாட்டு.

அப்போ முடிவில்லாத கேம் எல்லாமே கெட்டதா? இங்கேதான் நான் தயங்குறேன். நாலாவது கேம் "மைன்கிராஃப்ட்". அதுக்கு முடிவுன்னு ஒண்ணு கிடையாது, கட்டிக்கிட்டே போகலாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு என் பையன் உட்காருவான். சென்னையில் என் அக்கா பையன் மதியச் சாப்பாடு முடிச்சுட்டு வருவான். "டேய், லாவாடா! அந்தப் பக்கம் போகாத!" "அண்ணா, இரு, நான் ஏணி வைக்கறேன்." வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் நாலு வாக்கியம் சொல்ல இழுக்கிற பிள்ளை, இங்கே மூச்சு விடாமல் பேசறான். "அவசரப்படாத", "கொஞ்சம் தள்ளு", "என்னுதை எடுக்காதண்ணா" இதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த ஒரு மணி நேரத்தை ஸ்கிரீன் டைம் கணக்கில் சேர்க்கலாமா? நான் சேர்க்கறதில்லை. என் மனைவி சேர்க்கணும்னு சொல்றாங்க. விவாதம் நடந்துகிட்டே இருக்கு.

மைன்கிராஃப்டிலும் காசு கேட்கும் கடை இருக்கு. எங்க வீட்டில் அதில் கார்டு போடலை. ஆனா அது தினமும் வரச் சொல்லி மிரட்டறதில்லை. ஒரு மாசம் விட்டுட்டுப் போனாலும் கட்டின வீடு அப்படியே இருக்கும். மணல்திட்டுக்கும் முடிவு கிடையாது, ஆனா அது பிள்ளையைப் பிடிச்சு வைக்காது. முடிவு இல்லாதது பிரச்சினை இல்லை; போக விடாததுதான் பிரச்சினை.

எங்க வீட்டில் இப்போ பின்பற்றுறது மூணே மூணு. ஒண்ணு, "இன்னும் பத்து நிமிஷம்" என்பதை விட்டுட்டோம். "எங்கே முடியும்?" என்று கேட்கிறோம். ஆன்லைன் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது, பாதியில் இழுத்தால் அவன் கூட ஆடுறவங்களும் மாட்டிக்குவாங்க. "இந்த ஆட்டம் முடிஞ்சதும்" என்றால் அவனே எழுந்து வர்றான், சண்டை பாதியாகக் குறைஞ்சிருக்கு. ரெண்டு, புது கேம் எதுவானாலும் முதல் ஒரு மணி நேரம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தினசரிப் பரிசும், ஓடுற கடிகாரமும், விசித்திரமான பேரில் ஒரு நாணயமும் சேர்ந்து தெரிஞ்சால் அது வேண்டாம். மூணு, வருஷத்தில் ரெண்டு மூணு கேமாவது குடும்பமாக ஆடி முடிக்கணும். முடிச்ச கேமைப் பத்திச் சாப்பாட்டு மேஜையில் பேச ஏதாவது இருக்கும். "கடைசியில வெண்பா ஏன் அப்படிச் செஞ்சாங்க?" என்று என் பொண்ணு கேட்டதுக்கு எங்க வீட்டில் ஒரு மணி நேரம் பேச்சு ஓடிச்சு, பாதி தமிழ்ல.

மதிப்பெண் கேட்கிறவர்களுக்கு: வெண்பா, கண்டிப்பாக ஆடுங்க. இட் டேக்ஸ் டூ, துணையோடு ஆடுங்க, யானைக் காட்சியில் மட்டும் கவனம். பலாட்ரோ, பெரியவங்களுக்கு, காலையில் ஆபீஸ் இல்லாத நாளில். மைன்கிராஃப்ட், மறுமுனையில் யார் இருக்காங்க என்பதைப் பொறுத்தது.

அடுத்த மாசம் ஹேஸ்லைட்டின் 2025 வரவான "ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்" பத்தி எழுதறேன். அதுவும் ரெண்டு பேர் ஆடுறதுதான். இந்தத் தடவை கத்தப்போறது யாருன்னு தெரியலை.