தினம் எத்தனை இலை விழும்?

எல்லா ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். மத்தியானம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்து, வீட்டு வத்தக்குழம்பை நாலு பேருக்கு ஒரு கரண்டி ஊற்றுவார். சாப்பிட்டவர்கள் விரலை நக்கிக்கொண்டே, "மாப்ளே, வீட்டம்மா கைப்பக்குவத்துக்கு ஒரு மெஸ் போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்டா!" என்பார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதே மெஸ்ஸுக்குப் பெயர் வைத்தாகிவிடும். ஒரு வாரத்தில் போர்டு என்ன கலர் என்பது முடிவாகிவிடும். ஒரு மாதத்தில், பி.எஃப். பணம் எவ்வளவு தேறும் என்று விசாரணை ஆரம்பம்.

அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இந்த வாரம்.

முதல் விஷயம். ஓசியில் சாப்பிட்டவன் பாராட்டு, மார்க்கெட் சர்வே ஆகாது. அதே குழம்புச் சாப்பாட்டுக்கு நாளைக்கு நூறு ரூபாய் என்று சொல்லிப் பாருங்கள். நாலு பேரில் மூணு பேருக்கு வயிறு சரியிருக்காது.

"சரவண பவன் மட்டும் எப்படி சார் ஜெயிச்சாங்க?" என்பீர்கள். வாஸ்தவம். 1981-ல் கே.கே. நகரில் ஒற்றை ஓட்டலாக ஆரம்பித்து, கடல் தாண்டிப் போனார்கள். ஆனால் கடை திறந்து, அடுத்த பொங்கலுக்குள் பாத்திரங்களை எடைக்குப் போட்டவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஜெயித்த ஓட்டலில்தான் நாம் சாப்பிடுகிறோம். தோற்ற ஓட்டல் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது!

"பத்துக்கு ஒன்பது ஓட்டல் முதல் வருஷமே காலி" என்று பயமுறுத்துகிறவர்களையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து கொலம்பஸ் நகரில், பார்சா என்ற பேராசிரியரும் சகாக்களும் கணக்கெடுத்து 2005-ல் வெளியிட்டார்கள். முதல் வருஷத்தில் மூடியதும் கைமாறியதும் நூற்றுக்கு 26. மூணு வருஷத்தில் சுமார் 60. ஏன் விட்டீர்கள் என்று முதலாளிகளைக் கேட்டபோது, குடும்பத்தையும் கடையையும் சேர்த்துக் கவனிக்க முடியவில்லை என்பது பெரிய காரணமாக வந்தது. கவிழ்த்தது சாம்பார் அல்ல, சம்சாரம்!

சரி, பேப்பர் பென்சில் எடுங்கள். ஆபீஸ்கள் இருக்கும் ஒரு தெரு. 24 சீட் உள்ள மெஸ். தொகையெல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஏரியா ரேட்டை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை 40,000. மாஸ்டர், அவருக்கு ஒரு கையாள், ரெண்டு சப்ளையர், பாத்திரம் தேய்க்க ஒருவர் - சம்பளம் 97,000. கரண்ட், தண்ணீர் லாரி, ரிப்பேர் 20,000. கடன் தவணை 25,000. ஆக மொத்தம் 1,82,000. வாரம் ஒரு நாள் லீவு போக 26 நாள். ஒரு நாளைக்கு 7,000 ரூபாய். ஒரு ஈ காக்காய் உள்ளே வராவிட்டாலும் போகிற பணம் இது.

ஒருத்தர் சராசரியாக நூறு ரூபாய்க்குச் சாப்பிடுகிறார். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறிக்கு 40. கேஸ், வாழை இலை, மீந்துபோய்க் கொட்டுவது எல்லாம் சேர்த்து 10. (வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைக் கடைக்கு எடுத்து வரலாம் என்று மனக்கணக்குப் போடாதீர்கள். அது சட்டப்படி தப்பு. 19 கிலோ கமர்ஷியல்தான்.) மிச்சம் 50. ஏழாயிரத்தை ஐம்பதால் வகுத்தால் 140. தினம் 140 இலை விழுந்தால் கையைக் கடிக்காது.

"ப்பூ, இவ்வளவுதானா?"

இருங்கள். இதில் ரெண்டு பேருக்குச் சம்பளமே போடவில்லை. ஒருத்தர் நீங்கள். ஆபீஸில் வாங்கிய 40,000 இனி வராது. ஆனால் ஸ்கூல் ஃபீஸ் கட்டச் சொல்லி மெசேஜ் மட்டும் வரும். இன்னொருத்தர், அந்த வத்தக்குழம்புக்குச் சொந்தக்காரி. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ராத்திரி பதினொன்றுக்கு அடுப்பை அணைப்பவர். அவர் வேலைக்கு வெளி ஆள் போட்டால் 28,000 கேட்பான். 'பெண்டாட்டிதானே' என்று பூஜ்யம் போட்டீர்களானால், லாபம் என்று நீங்கள் எண்ணுவது அவருடைய கூலியை! ரெண்டையும் சேர்த்தால் மாதம் 2,50,000. இப்போது தினம் 193 இலை.

193 பேர் எங்கே உட்காருவார்கள்? மத்தியானக் கூட்டம் பன்னிரண்டரையிலிருந்து ரெண்டரை வரை. ஒருத்தர் சாப்பிட்டு எழுந்து, டேபிள் துடைத்து முடிய அரை மணி. நாலு பந்தி. 24 சீட்டுக்கு 96 பேர். ஆனால் நாலு பேர் டேபிளில் ரெண்டு பேர் ஆபீஸ் அரசியல் பேசிக்கொண்டிருந்தால், மூணாவது ஆள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மூணில் ரெண்டு பங்கு நிரம்பினால் 64. பாக்கி 129 பேர் காலையிலும் ராத்திரியிலும் வர வேண்டும். ஆபீஸ் தெருவில் ராத்திரி ஒன்பது மணிக்கு யார் இருப்பார்கள்? வாட்ச்மேன். அவர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டுவருகிறார்.

"ஸ்விக்கி, ஜொமேட்டோல போட்டா?" போடலாம். கமிஷன் ஆளுக்கு ஆள் மாறும். நூற்றுக்கு 25 என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஐம்பது இருபத்தைந்தாகிறது. இலையில் சாப்பிடும் ஒருத்தருக்கு ஈடாக ரெண்டு பார்சல் போக வேண்டும். டப்பா காசு தனி.

2017 நவம்பரிலிருந்து சாதாரண ஓட்டலுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சாமான் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. பில்லில் தனியாகப் போட்டால் வருகிறவர் முறைப்பார். போடாவிட்டால் உங்கள் ஐம்பதில் கிட்டத்தட்ட அஞ்சு அவுட்.

விலையைக் குறைத்துக் கூட்டம் சேர்க்கலாமா? 2013-ல் அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டது. நஷ்டத்தைத் தாங்க மாநகராட்சி இருந்தது. உங்களுக்கு மாமனார்தான் இருக்கிறார்.

அதற்காகக் கனவையே விட்டுவிடச் சொல்லவில்லை. ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் நாலு காரியம் செய்யுங்கள்.

முதலில், வீட்டில் கேளுங்கள். "ஹோட்டல் வெக்கலாமா?" என்று அல்ல, "தினம் நாலு மணிக்கு எழுந்திருக்க உனக்குச் சம்மதமா?" என்று.

ரெண்டாவது, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இடத்துக்கு எதிர் டீக்கடையில் ஒரு வாரம் உட்காருங்கள். பக்கத்து மெஸ்ஸுக்குள் எத்தனை தலை போகிறது என்று மணிவாரியாக எண்ணுங்கள். மழை நாளையும் மாதக் கடைசியையும் விடாதீர்கள்.

மூணாவது, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, வீட்டிலிருந்தே தினம் 20 சாப்பாடு காசுக்குக் கொடுத்துப் பாருங்கள். முதல் மாதம் நட்புக்காக வாங்குவார்கள். மூணாவது மாதமும் வாங்குகிறவர்தான் வாடிக்கையாளர்.

நாலாவது, அட்வான்ஸ், அடுப்பு, டேபிள் செலவெல்லாம் போக, ஆறு மாத அடிப்படைச் செலவு - நம் உதாரணத்தில் 10,92,000 - தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பி.எஃப். பக்கம் போகாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு 193 தேறுகிறதா? தாராளமாகத் திறங்கள். முதல் நாளே வருகிறேன், காசு கொடுத்துத்தான் சாப்பிடுவேன். தேறவில்லையா? ஒரு நோட்டு, ஒரு பென்சில், கொஞ்சம் டீ. மொத்த நஷ்டம் அவ்வளவுதான். இந்தத் தொழிலில் இதைவிட மலிவாகத் தப்பித்தவர் யாரும் இல்லை!