நிஜமாவே கம்பி கட்டுற கதை

"கையில ஃபோன் இருக்கு, அதுல வாட்ஸ்அப் இருக்கு. இந்தக் காலத்துல போய் ஹாம் ரேடியோவா?"

மொட்டை மாடியில (எங்க ஊர்ல மட்டுப்பா) வயரும் கையுமா நிக்கிற எல்லாரும் கேட்டுச் சலிச்ச கேள்வி இது. புதுக்கடைக்காரன் நான், ஒரே வார்த்தையில பதில் சொல்லிடுவேன். ஒக்கி.

2017 நவம்பர் 30. முந்தின நாள் வரைக்கும் தாழ்வு மண்டலமா இருந்தது, ஒரே நாளைக்குள்ள புயலா மாறிடுச்சு. எச்சரிக்கை வந்து சேர்றதுக்குள்ள தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களோட ஆழ்கடல் படகுகள் எல்லாம் கடலுக்குள்ள. கரையிலயும் நிலைமை மோசம். மின்கம்பங்கள் சாஞ்சு, ரப்பரும் வாழையும் மொத்தமா விழுந்து, பல ஊர்களுக்குக் கரண்ட் வரவே நாள்கணக்காச்சு. கரண்ட் இல்லைன்னா செல்போன் டவர் எத்தனை நேரம் தாங்கும்? வாட்ஸ்அப்பும் அதோட போச்சு.

இதுல பலருக்கு ஞாபகம் இல்லாத ஒண்ணு இருக்கு. காத்துல அடிச்சுட்டுப் போன படகுகள் லட்சத்தீவு, கேரளா, கர்நாடகா, மகாராஷ்டிரா, குஜராத்னு எங்கெங்கயோ கரை ஒதுங்குச்சு. அங்க உயிரோட இருக்கிற ஆளோட பேரு இங்க வீட்டுக்குத் தெரிய எத்தனை நாள் ஆச்சு! பேர், ஊர், படகு நம்பர். வேண்டியது அந்த ஒரு வரிதான். அந்த வரிக்காகத்தான் கடற்கரை ஊர்கள்ல அம்மாமார் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்தாங்க.

ஒண்ணை முதல்லயே தெளிவாச் சொல்லிடறேன். ஹாம் இருந்திருந்தா கடல்ல இருந்தவங்களைக் காப்பாத்தியிருக்கலாம்னு கதை விட நான் வரலை. ஹாம் லைசென்ஸைத் தொழிலுக்குப் பயன்படுத்த முடியாது, மீன்பிடிப் படகுல வைக்கிற சாமானும் இல்லை. படகுகளுக்கான தீர்வு ஒக்கிக்கு அப்புறம் இஸ்ரோ உதவியோட வந்த செயற்கைக்கோள் கருவிகள் மாதிரியான ஏற்பாடுதான். நான் பேசறது கரையைப் பத்தி. கரண்டும் டவரும் போன பிறகு, ஒரு கரையில இருந்து இன்னொரு கரைக்குப் பேர்ப் பட்டியல் அனுப்புறதைப் பத்தி.

இதுக்கு முன்னுதாரணம் இருக்கு மக்களே. 2004 டிசம்பர்ல பாரதி பிரசாத்ங்கிற ஹாம், குழுவோட அந்தமான் போயிருந்தாங்க. பல வருஷமா ஹாம் சத்தமே கேக்காத தீவுல இருந்து உலகம் முழுக்கப் பேசறதுதான் திட்டம். 26ஆம் தேதி சுனாமி. போர்ட் பிளேரோட தொடர்பு அறுந்து போனப்ப அவங்க வச்சிருந்த ரேடியோதான் வெளிய செய்தி கொண்டு போச்சு, "எங்க ஆளு இருக்காங்களா"ன்னு தவிச்சவங்களுக்குப் பதிலும் கொண்டு போச்சு.

ஆனா அவங்க பயன்படுத்தினது 20 மீட்டர் பேண்ட். போர்ட் பிளேர்ல இருந்து சென்னைக்கே 1300 கிலோமீட்டருக்கு மேல, அந்தத் தூரத்துக்கு அது சரி. நமக்கு? புதுக்கடையில இருந்து மதுரையும் கொச்சியும் நேர்கோட்டுல சுமார் 210 கிலோமீட்டர். கவரத்தி 560, சென்னை 630. 20 மீட்டர் பேண்ட்ல கத்தினா பெரும்பாலும் இவங்க தலைக்கு மேலயே தாண்டிப் போயிடும். சரி, வாக்கி டாக்கி? கண்ணுக்கெட்டின தூரம்தான் அதுக்கு எல்லை. மேடும் பள்ளமுமா கிடக்கிற விளவங்கோடு பக்கம் ஒரு குன்று குறுக்க வந்தாலே முடிஞ்சுது. குன்று மேல ரிப்பீட்டர் வச்சா போகும், ஆனா அதுக்கும் கரண்ட் வேணுமே.

நமக்குத் தோதானது லோ பேண்ட், அதாவது 40 மீட்டர், 80 மீட்டர். தாழ்வாக் கட்டின கம்பியில இருந்து கிளம்புற அலை ஏறக்குறைய நேர் மேல போய், அயனி மண்டலத்துல பட்டுத் திரும்பிக் கீழ விழும். வீட்டுக்குள்ள ஹோஸ் பைப்பைக் கூரையைப் பாத்துப் பிடிச்சா ரூம் முழுக்க நனையுமில்ல, அதே கதை. நடுவுல குன்று இருந்தா என்ன, ரப்பர் தோட்டம் இருந்தா என்ன, 300, 400 கிலோமீட்டர் சுத்தளவு நனைஞ்சிடும். பகல்ல 40, ராத்திரி 80. அதுக்கு மேல இருக்கிற தூரத்துக்கும் 40 மீட்டர் பேண்டே பெரும்பாலும் கை கொடுக்கும்.

"லோ பேண்ட்னா ஆண்டெனா ராட்சச சைஸ்ல வேணுமே?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்துல கடற்படையோட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கு. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புற நிலையம். 18.2 கிலோஹெர்ட்ஸ், அதாவது அலைநீளம் 16 கிலோமீட்டருக்கு மேல. அதனாலதான் அங்க 471 மீட்டர் உசரத்துக்குக் கோபுரம் தேவைப்படுது. நம்ம கணக்கு அவ்வளவு பயங்கரம் இல்லை. 143ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா டைபோலோட மொத்த நீளம் மீட்டர்ல வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர், 3.6க்கு 40 மீட்டர். வீட்டு வயரிங்குக்கு வாங்குற செம்பு வயர் போதும், பிவிசி பைப் துண்டுதான் இன்சுலேட்டர். ஏழெட்டு மீட்டர் உசரத்துல கட்டணும். இந்த மாவட்டத்துல அந்த உசரத்துக்குத் தென்னை இல்லாத விளை எங்க இருக்கு சொல்லுங்க? தேங்கா வெட்ட வர்ற அண்ணாச்சிகிட்ட ஒரு கப்பியைக் கொடுத்து விட்டா வேலை முடிஞ்சுது. ஒரு பக்கம் மட்டும் கப்பி வழியா கல்லு தொங்க விடணும், இல்லைன்னா மரம் ஆடுற ஆட்டத்துல கம்பி அறுந்துடும்.

புயல் அடிச்சா இந்தக் கம்பியும் விழும்தான். ஆனா விழுந்த டவரை நிறுத்த நாள்கணக்காகும். விழுந்த கம்பியை அரை மணி நேரத்துல அடுத்த மரத்துல கட்டிடலாம். எளிமையோட பலம் இதுதான்.

இனி என் கட்சிக்கு வர்றேன். நம்ம ஆட்கள் ஹாம்னதும் முதல்ல விசாரிக்கிறது "எத்தனை வாட்?"னு. தப்பான கேள்வி ஓய்! லோ பேண்ட்ல பத்து வாட் வச்சுக்கிட்டே நல்லாப் பேசலாம். கஷ்டம் எல்லாம் கேக்குறதுலதான். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், அத்தனையும் 80 மீட்டர்ல "கர்ர்ர்"னு இரையும். போதாக்குறைக்கு ரெண்டு மழைக்காலத்து இடியும் சேர்ந்துக்கும். எங்க தெருவுல கரண்ட் போற நேரத்துல ரேடியோவைப் பாத்தீங்கன்னா, இரைச்சல் முள் ஒன்பதுல இருந்து நாலுக்குச் சடார்னு இறங்கும். ஊரே இருட்டா கிடக்கிறப்பதான் இந்த பேண்ட் சுத்தமா கேக்கும். புயல் நாளுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இல்ல?

மத்த நாள்ல கேக்கத் தனி ஆண்டெனா வச்சுக்கணும். ஹரால்ட் பெவரேஜ் நூறு வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சதுக்கு அவர் பேரையே வச்சாங்க. அருமையான சாமான், ஆனா அலைநீளம் அளவுக்கு நீட்டி இழுக்கணும். அஞ்சு சென்ட் இடத்துல வீடு கட்டியிருக்கிறவனுக்கு அது கனவுதான். பதிலா, பக்கத்துக்குப் பதினஞ்சு அடின்னு அறுபது அடி வயரைச் சதுரமாத் தரையிலயே போட்டு, ஒரு மூலையில சின்ன ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் வச்சு கேபிள் இழுத்துப் பாருங்க. சிக்னல் குறையும், ஆனா இரைச்சல் அதைவிட அதிகமாக் குறையும். காதுக்கு வேண்டியது அதுதானே. தென்னை ஏறுற வேலை கூட இல்லை.

செட்டுக்குக் காசில்லைன்னும் சொல்லாதீங்க. ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் 2003லயே பிட்எக்ஸ்னு ஒரு டிசைன் போட்டார். காயில் சுத்த இறக்குமதி கோர் கிடைக்கலைன்னா தண்ணிக் குழாய் வாஷர்ல சுத்துன்னு காட்டினார். அதை உலகம் முழுக்கக் கட்டினாங்க. பிறந்தது நம்ம நாட்டுல, நம்ம கடைகள்ல கிடைக்கிற சாமானுக்காக.

எனக்கு இருக்கிற ஒரே ஆதங்கம் இதுதான். இந்த மாவட்டத்துல தடுக்கி விழுந்தா ஒரு இன்ஜினியரிங் காலேஜ். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற எல்லாரும் ஆண்டெனான்னு ஒரு பேப்பர் எழுதுறோம். டைபோலோட கதிர்வீச்சுத் தடை 73 ஓம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவோம். ஆனா ஒரு டைபோலை மரத்துல கட்டிப் பாத்தவங்க எத்தனை பேர்? ஆயிரக்கணக்குல செலவு பண்ணிப் பேரிடர் மேலாண்மைக் கருத்தரங்கு நடத்துறதுக்குப் பதிலா, காலேஜுக்கு ஒரு கம்பி, ஒரு கார் பேட்டரி, ராத்திரி அரை மணி நேரம் கேக்குறதுக்கு நாலு பசங்க. இது போதும். புயல் அன்னைக்கு வந்து மேனுவல் படிச்சா ஒண்ணும் நடக்காது. எந்த நேரத்துல எந்த பேண்ட் திறக்கும், இரைச்சலுக்கு நடுவுல ஒரு பேரை எப்படிப் பிடிக்கிறது, இதெல்லாம் தினமும் கேட்டுக் கேட்டுக் காதுல ஏறணும்.

வங்கக்கடல்லயும் அரபிக்கடல்லயும் இனி வரப்போற புயல்களுக்கெல்லாம் பேரு ஏற்கெனவே பட்டியல் போட்டு வச்சாச்சு. நம்ம கம்பிதான் இன்னும் கட்டலை.

கடலோர மாவட்டத்துப் பதிவர்கள் யாராவது இதுல ஏற்கெனவே இறங்கியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. "இதெல்லாம் வெட்டி வேலை"ன்னு நினைக்கிறவங்களும் சொல்லுங்க, சண்டை போடலாம் :-)

டிஸ்கி: பேசணும்னா மத்திய தொலைத்தொடர்புத் துறை பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியே ஆகணும். கம்பி கட்டுறப்ப மின்சார லைன் பக்கமே போகாதீங்க, இடி இடிச்சா கேபிளைக் கழட்டிடுங்க. கேட்டுப் பழக மட்டும் எஸ்.எஸ்.பி. வசதி இருக்கிற சார்ட்வேவ் ரேடியோ போதும். அந்த வசதி இல்லாத ரேடியோல கேட்டா எல்லாரும் வாத்து மாதிரியே பேசுவாங்க!