தாமரை இலையும் எண்ணூர் எண்ணெயும்

ஒட்டியும் ஒட்டாமலும் பழகுகிறவரைத் 'தாமரை இலைத் தண்ணீர்' என்று நாம் சொல்வதுண்டு. தாமரைக் குளத்துக்குக் கூடப் போகவேண்டாம். கெடார் போன்ற சிற்றூர்களில் கொல்லையில் நிற்கும் சேம்பின் இலையே போதும். நீரை விட்டால் முத்து முத்தாய் உருண்டோடும். அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டுப் பாருங்கள். உருளாமல் படர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இலையின்மேல் உள்ள நுண்ணிய மேடுகளும் மெழுகுமே இதற்குக் காரணமென்று ஜெர்மானியத் தாவர நூலறிஞர்களான பார்த்லாட், நைன்ஹூயிஸ் இருவரும் 1997-ல் விளக்கினார்கள். 2004-ல் சீன விஞ்ஞானிகள், நெருக்கமான எஃகுக் கம்பி வலைக்கு டெஃப்லான் பூசி, எண்ணெய் கீழே இறங்கவும் நீர் மேலேயே தங்கவும் செய்து காட்டினார்கள். நீரை விலக்கும் இத்தகைய சவ்வுகள் அதன் பிறகு பல வகையாய்ப் பெருகிவிட்டன.

ஆயினும் நம் கடற்கரையில் நடந்தது என்ன? 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையொதுங்கிய கரிய எண்ணெயை மாணவர்களும் மீனவர்களும் வாளிகொண்டு அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் படர்ந்தது. அப்போதும் மீனவர்கள் படகிலிருந்தபடி கையால்தான் அள்ளினார்கள்.

"சவ்வு இருக்க வாளி எதற்கு?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கப்பலில் எரிக்கும் எண்ணெய் தாரைப்போல் கெட்டியானது. சவ்வின் துளைகளை அடைத்துவிடும். அலையில் அடிபட்டு நீரோடு குழம்பிவிட்டாலோ பிரிப்பது இன்னும் கடினம். போதாக்குறைக்கு, எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் தங்கிச் சவ்வை மறைத்துக்கொள்ளும். எண்ணெய் அதைத் தொடவே வழியிராது.

ஆகையால் இச்சவ்வுக்கு உரிய இடம் அலைபுரளும் கரையன்று. ஆலையின் மதிலுக்கு உட்புறமே. மிதக்கும் எண்ணெயை முதலில் தொட்டியில் வழித்தெடுத்து, எஞ்சியதைச் சவ்வின் வழியே விட்டுப் பிரித்த பிறகே கழிவுநீர் வெளியேறவேண்டும். வெள்ளம் வந்தாலும் நிரம்பி வழியாதபடி அத்தொட்டி அமையவும் வேண்டும். மதிலைத் தாண்டிய எண்ணெய் மீனவரின் வலையிலும் படகிலும் படிந்து, அவர் பிழைப்பையே முடக்கிவிடுகிறது. விஞ்ஞானம் செய்யவேண்டிய வேலையை அவருடைய வெறுங்கை இருமுறை செய்துவிட்டது. மூன்றாம் முறையும் அதை அவர் தலையில் கட்டுவது நமக்கு அழகாகாது.